உதட்டுப் பிளவு அறுவை சிகிச்சை முகாமுக்கு அயல்நாடு செல்வோர் அறிய வேண்டியவை

1982ஆம் ஆண்டில், உதட்டுப் பிளவையும் வாயின் மேற்கூரையான அண்ணத்தின் பிளவையும் சரிசெய்யும் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டின் நாகா நகரத்துக்குச் சென்றது. அக்குழுவில் இருந்த அறுவை மருத்துவர் பில் மேகியும், அவருடைய மனைவியும் செவிலியருமான கேத்தியும் அங்கே கண்ட கணக்கை முகாம் நடத்தும் எவரும் மறக்கக் கூடாது. ஏறத்தாழ 300 குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தன. அறுவை சிகிச்சை செய்ய முடிந்ததோ 40 பேருக்குத்தான். மற்றவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப நேர்ந்த அந்த அனுபவத்திலிருந்தே ‘ஆபரேஷன் ஸ்மைல்’ என்ற அமைப்பு பிறந்தது.

தமிழ்நாட்டிலிருந்தோ தமிழர் வாழும் பிற நாடுகளிலிருந்தோ இத்தகைய முகாம் ஒன்றில் முதன்முறையாகச் சேர நினைக்கும் அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், செவிலியர், அறுவை அரங்கத் தொழில்நுட்பர், மருத்துவம் சாராத தொண்டர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உதட்டுப் பிளவு முகாமை மாதிரியாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சுமார் 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் எல்லா நாடுகளிலும் காணப்படும் குறை இது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அறுவை மருத்துவர் டொனால்ட் லாப், இத்தகைய குழுக்களை அனுப்பும் ‘இன்டர்பிளாஸ்ட்’ அமைப்பை 1969இல் தொடங்கிய காலத்திலிருந்து, அயல்நாட்டு அறுவை முகாம்களின் நன்மையும் தீமையும் மிகுதியாக வெளிப்பட்டிருக்கும் துறையும் இதுவே.

பயணத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். குழுவின் கடைசி ஆள் விமானம் ஏறிய மறுநாள் காலை, நீங்கள் தைத்த அண்ணத்திலிருந்து ஒரு குழந்தைக்கு இரத்தம் கசிந்தால், அக்குழந்தையை யார் பார்ப்பார்? எந்த மருத்துவமனையில் பார்ப்பார்? அவருக்கு அதற்கான பயிற்சியும் அரங்கும் இரத்த வங்கியும் கிடைக்குமா? இக்கேள்விகளுக்கு ஒரு மருத்துவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் விடையாகக் கிடைக்கும் வரை பயணத் தேதியைக் குறிக்க வேண்டாம். கீழே சொல்லப்போகும் ஏறத்தாழ எல்லாமே இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவைதான்.

போவதா, பணம் அனுப்புவதா

உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை உரிய நேரத்தில் கிடைப்பதில்லை என்றும், ஆண்டுதோறும் கூடுதலாக 14.3 கோடி அறுவை சிகிச்சைகள் தேவைப்படுகின்றன என்றும் 2015இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் உலக அறுவை சிகிச்சை ஆணையம் கணக்கிட்டது. இரண்டு மேசைகளோடு இயங்கும் ஒரு சிறு குழு ஒரு வாரத்தில் ஐம்பது, அறுபது குழந்தைகளுக்கு மேல் செய்வது கடினம். ஆகவே முகாம்களால் இந்தப் பள்ளம் நிரம்பிவிடும் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. அந்த ஐம்பது குழந்தைகளுக்கு அது வாழ்க்கையையே மாற்றும் நிகழ்வு என்பதும் உண்மை. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இருபது பேர் கொண்ட குழுவின் விமானக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். அந்த நாட்டிலேயே உதட்டுப் பிளவு செய்யத் தெரிந்த மருத்துவர் இருந்து, நோயாளிகளிடம் பணம் இல்லாதது மட்டுமே தடையாக இருந்தால், அத்தொகையை அவருடைய மருத்துவமனைக்கு அனுப்புவதே மேல். 1999இல் தொடங்கப்பட்ட ‘ஸ்மைல் டிரெயின்’ அமைப்பு இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தது. வெளிநாட்டுக் குழுக்களை அனுப்புவதை விடுத்து, உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் சிகிச்சைச் செலவும் வழங்குகிறது.

கண்ணியல் துறை இதில் நமக்கு வெகுகாலம் முன்பே வழிகாட்டிவிட்டது. கண்புரை அறுவைக்கு வேண்டிய உள்விழி லென்ஸின் இறக்குமதி விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தபோது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992இல் ஆரோலேப் தொழிற்கூடத்தைத் தொடங்கி அந்த லென்ஸை இங்கேயே செய்தது. நேபாளத்தில் கண் மருத்துவர் சந்துக் ரூய்த் முன்னின்று உருவாக்கி, 1994இல் திறக்கப்பட்ட தில்கங்கா கண் மருத்துவமனையும் லென்ஸ் தயாரிப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இன்று நேபாள மலைக் கிராமங்களில் நடக்கும் கண் முகாம்களை நேபாள மருத்துவர்களே நடத்துகிறார்கள். உள்ளூரில் மருத்துவரே இல்லாத இடம், மருத்துவர் இருந்தும் அவர் இத்துறையைக் கற்க விரும்பிக் கூப்பிடும் இடம், முன்பு தவறிப்போன அறுவைகளையும் சிக்கலான முகப் பிளவுகளையும் சேர்ந்து பார்க்கத் துணை தேவைப்படும் இடம் ஆகிய மூன்றுக்கும் போகலாம் என்பது என் கருத்து. மற்ற இடங்களுக்குப் போவது பெரும்பாலும் நம் மனநிறைவுக்காகத்தான்.

வேறு துறையினர் தங்கள் அறுவை ஒரு வார முகாமுக்குப் பொருந்துமா என்பதையும், குழு கிளம்பிய பின் யார் பார்ப்பார் என்ற அதே அளவுகோலால் பார்க்க வேண்டும். கண்புரையும் குடலிறக்கமும் பொருந்தும். மகப்பேற்றின்போது சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுந்து சிறுநீர் கசியும் சிறுநீர்ப்பைப் புழைக்கு அறுவைக்குப் பின் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் சிறுநீர்க் குழாய் இருந்தாக வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் அறுவையே வீணாகும். ஏழாம் நாள் கிளம்பிவிடும் குழு அதைத் தொடக் கூடாது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் மகப்பேறு மருத்துவர் கேத்தரின் ஹாம்லினும் அவர் கணவரும் 1974இல் அந்நோய்க்கென்றே நிரந்தர மருத்துவமனை கட்டியது இதனால்தான்.

அழைப்பும் அனுமதியும்

அழைப்பு அந்த நாட்டு மருத்துவமனையிடமிருந்து எழுத்தில் வர வேண்டும். ஒரு தொண்டு நிறுவனத்தின் நண்பர் வாய்மொழியாக “வாருங்கள்” என்றது அழைப்பாகாது. அங்குள்ள கண்காணிப்பாளர், அறுவைத் துறைத் தலைவர், செவிலியர் தலைமை ஆகிய மூவரும் ஒப்புக்கொண்ட தேதிதான் தேதி. செவிலியர் தலைமையை விட்டுவிடும் குழுக்கள் ஏராளம். இரவு வார்டில் ஆள் இல்லாதபோதுதான் அந்தத் தவறு உறைக்கும்.

உங்கள் ஊரில் நீங்கள் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், அந்த நாட்டின் பதிவு இல்லாமல் கத்தியைத் தொடுவது சட்டவிரோதம். பிலிப்பைன்ஸில் வெளிநாட்டு மருத்துவர்கள் தொழில்முறை ஒழுங்குமுறை ஆணையத்திடம் சிறப்புத் தற்காலிக அனுமதி பெற வேண்டும். முகாமுக்குச் சுகாதாரத் துறையின் விதிமுறைகளும் உண்டு. பிற நாடுகளிலும் மருத்துவ மன்றமோ சுகாதார அமைச்சகமோ இதைக் கவனிக்கிறது. தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர்கள் மருத்துவ மன்றத்திடமிருந்து, தங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லை என்று காட்டும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழும், செவிலியர்கள் தங்கள் மன்றத்தின் பதிவுச் சான்றும் வாங்கி வைக்க வேண்டும். பட்டச் சான்றிதழ்களின் சான்றளிக்கப்பட்ட பிரதிகள், ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, பணிக்கேற்ற விசா ஆகியவற்றுக்கு நான்கைந்து மாதங்களை ஒதுக்குவது நல்லது. சுற்றுலா விசாவில் போய் அறுவை செய்தால், ஏதேனும் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேரும் நாளில் உங்களோடு சேர்ந்து உங்களை அழைத்த மருத்துவமனையும் சிக்கிக்கொள்ளும்.

தடுப்பூசிகளில் ஹெபடைட்டிஸ்-பி முதன்மையானது. ஊசி போட்டுக்கொண்டதோடு நிற்காமல் எதிர்ப்பாற்றல் அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கென்யா, உகாண்டா, சியரா லியோன் போன்ற நாடுகளுக்குப் போய்த் திரும்புவோரிடம் இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கேட்பார்கள். அந்த ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் அது போடப்படுகிறது. அறுவையின்போது ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், அந்த மருந்து எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவ மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே கற்றுக்கொள்பவராக நின்று பார்க்கும் மாணவர், விமானம் ஏறி இறங்கியதும் அறுவை செய்யத் தகுதி பெற்றுவிடுவதில்லை. பதிவேடு எழுதவும், எடை பார்க்கவும், நோயாளிகளை அழைத்துச் செல்லவும் அவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. தையல் போடும் வாய்ப்பு இருந்தால் அது உள்ளூர்ப் பயிற்சி மருத்துவருக்கே உரியது.

முன்னோட்டப் பயணமும் மூட்டை முடிச்சும்

முகாமுக்கு மூன்று, நான்கு மாதங்கள் முன்னதாக இருவர் போய் இடத்தைப் பார்த்து வர வேண்டும். அவர்களுள் ஒருவர் மயக்க மருந்து மருத்துவராகவும் மற்றவர் உயிர் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கத் தெரிந்தவராகவும் இருந்தால், அறுவை மருத்துவர் அந்தப் பயணத்தில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. மின்சாரம் ஒரு நாளைக்கு எத்தனை முறை நிற்கிறது, ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் எடுத்துக்கொள்கிறது, கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, குழாயில் தண்ணீர் எந்த நேரங்களில் வருகிறது என்று கேட்டுக்கொண்டால் போதாது. நின்று பார்க்க வேண்டும். இரண்டு மேசைகள் ஓட வேண்டுமென்றால் கருவித் தொகுப்புகள் எத்தனை தேவை என்பதை ஆட்டோகிளேவின் வேகம்தான் தீர்மானிக்கும். மருத்துவமனையில் மொத்தம் எத்தனை அரங்குகள் என்பதையும் எண்ணுங்கள். இரண்டே அரங்குகள் இருந்து, இரண்டையும் முகாம் எடுத்துக்கொண்டால், நள்ளிரவில் சிசேரியனுக்கு வரும் தாய் எங்கே போவாள்? ஓர் அரங்கை எப்போதும் அவசரத்துக்கு விட்டுவைக்க வேண்டும். அதனால் பத்துக் குழந்தைகள் குறைந்தால் குறையட்டும்.

மின் இணைப்பு சின்ன விஷயம் போலத் தோன்றினாலும் முகாமின் முதல் நாளைத் தின்றுவிடக் கூடியது. இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிலிப்பைன்ஸில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். செருகியோ அமெரிக்க வகைத் தட்டைக் கால். கென்யாவிலும் உகாண்டாவிலும் ஆங்கிலேய வகைச் சதுரக் கால். ஆக்சிஜன் சிலிண்டரின் நிறம் இதைவிட ஆபத்தானது. இந்தியாவில் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் கொண்டது ஆக்சிஜன். அமெரிக்க வழக்கத்தில் அது பச்சை. பழகிய கண் நிறத்தை நம்பிவிடும். ஆகவே சிலிண்டரில் எழுதியிருப்பதைப் படிப்பதோடு, ஆக்சிஜன் அளவைமானியால் சோதித்த பிறகே இணைக்க வேண்டும். ஆக்சிஜன் செறிவூட்டிகள் நல்ல துணைதான் என்றாலும், மின்சாரம் நின்றால் அவையும் நின்றுவிடும் என்பதால் சிலிண்டர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். மருந்துப் புட்டிகளில் மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் மடகாஸ்கரிலும் பிரெஞ்சு மொழியில் எழுதியிருக்கும். செறிவும் நீங்கள் பழகியதிலிருந்து மாறலாம். உள்ளூர் மருந்தாளரோடு உட்கார்ந்து ஒவ்வொரு புட்டியையும் படித்து, அரங்கச் சுவரில் ஓர் அளவுப் பட்டியலை ஒட்டுவது ஒரு மணி நேர வேலை.

கீட்டமின், ஃபென்டனில், மிடாசோலம் போன்றவற்றைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போக எண்ண வேண்டாம். அவை போதைப்பொருள் சட்டங்களின் கீழ் வருபவை. அனுமதியின்றி எல்லை தாண்டினால் சிறைவரை போகும். விருந்தோம்பும் மருத்துவமனையின் வழியாக அங்கேயே வாங்கி, அதன் பதிவேட்டிலேயே கணக்கு வைப்பதுதான் முறை. நன்கொடை மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் விதி எளிமையானது: போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும், கேட்காததை அனுப்பக் கூடாது. பழைய கருவிகளைக் கொடுத்துவிட்டு வரும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். வருவாய் குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் ஏறக்குறைய 40 சதவீத மருத்துவக் கருவிகள் இயங்காமல் கிடக்கின்றன என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உதிரிப் பாகமும் அதைப் பூட்டத் தெரிந்த ஆளும் இல்லாத கருவி, அவர்களுடைய கிடங்கில் இடத்தை அடைக்கும் இரும்புதான்.

உங்கள் பெட்டியில் இருக்க வேண்டியவை பெரும்பாலும் சிறியவை: தலைவிளக்கு, உபரி பேட்டரி, குழந்தைகளுக்கான முகமூடிகளும் சுவாசக் குழாய்களும் எல்லா அளவுகளிலும், இரத்த நாளத்தில் மருந்து ஏற்றும் மிகச் சிறிய ஊசிக்குழாய்கள் (வென்ஃப்ளான்கள்), வாயைத் திறந்து வைக்கும் டிங்மேன் கருவி, விரலில் மாட்டினால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்கள். உலகில் 70,000க்கும் மேற்பட்ட அறுவை அரங்குகளில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லை என்று 2010இல் மதிப்பிடப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு ‘லைஃப்பாக்ஸ்’ அமைப்பு அதைக் கொடுப்பதற்காகவே தொடங்கப்பட்டது. விட்டுவிட்டு வரத் தகுந்த கருவி ஒன்று உண்டென்றால் அது இதுதான். தையல் நூலில் ஒரு நுணுக்கம்: உதட்டின் வெளித்தோலுக்கும் தானே கரையும் நூலையே எடுத்துச் செல்லுங்கள். தையல் பிரிப்பதற்காக இரண்டு நாள் படகிலும் பேருந்திலும் திரும்பி வர எந்தத் தாயாலும் முடியாது.

யாருக்குச் செய்வது

முகாமின் மிகக் கடினமான நாள் தேர்வு நாள். கூட்டம் விடியும் முன்பே கூடிவிடும். அண்ணத்தைத் தைப்பதைவிட, ஒரு தாயிடம் “இந்த முறை முடியாது” என்று சொல்வது கடினம். அதற்கும் ஒரு முறை வேண்டும். சிறு குழந்தையின் உதட்டுக்குப் பத்தின் விதி பழையது, ஆனால் இன்றும் பயன்படுவது: பத்து வார வயது, பத்துப் பவுண்டு எடை, அதாவது சுமார் நாலரைக் கிலோ, இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்குப் பத்துக் கிராம். அண்ணத்தைப் பொதுவாக ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடுவது பேச்சுக்கு நல்லது. சளி, இருமல், காய்ச்சல் உள்ள குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுக்குழல் சுருங்கிக்கொள்ளும் அபாயம் பல மடங்கு கூடும். அக்குழந்தையின் அறுவையைத் தள்ளிப்போட வேண்டும். இதயத்தில் முணுமுணுப்பு கேட்டால் அதன் காரணம் தெரியாமல் மேசையில் ஏற்றக் கூடாது. இந்த முடிவுகளில் மயக்க மருந்து மருத்துவரின் சொல்லே கடைசிச் சொல் என்று முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். நான் இருந்த ஒரு முகாமில் எடை பார்க்கும் கருவி ஒரு கிலோ கூட்டிக் காட்டியதை இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தோம். அதுவரை கணக்கிட்ட மருந்தளவுகள் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதாயிற்று. மூன்று குழந்தைகளின் பெயர்களைப் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டியதாயிற்று. தெரிந்த எடையுள்ள அரிசி மூட்டை ஒன்றை வைத்துத் தினமும் காலையில் சோதித்தால் போதும். எங்களுக்கு அது தோன்றவில்லை.

திருப்பி அனுப்பப்படும் குழந்தைகளில் பாதிக்கு மேல் எடை போதாதவர்களாகவே இருந்தாலும் வியக்க வேண்டாம். அண்ணம் பிளந்திருக்கும் குழந்தையால் உறிஞ்ச முடியாது. பால் மூக்கு வழியே வந்துவிடும். அறுவையைவிட அந்தக் குழந்தைக்கு முதலில் வேண்டியது பால் புகட்டத் தெரிந்த ஒரு செவிலியர். நம் பாட்டிமார் கையாண்ட பாலாடையும் சங்கும் இதற்கு மிகப் பொருத்தமான கருவிகள். தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் எடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக் கடைவாய் ஓரமாகச் சிறுகச் சிறுக விட வேண்டும். அதற்காகப் பெட்டி நிறையப் பாலாடை கொண்டுபோக வேண்டியதில்லை. அந்த ஊரில் கிடைக்கும் சிறு கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்துக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் போன பிறகும் அது அவர்கள் வீட்டில் இருக்கும்.

சம்மதம் கேட்பது குடும்பத்தாருக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும். நாகா நகரச் சுற்றுவட்டாரத்தின் தாய்மொழி பிக்கோல். அங்கே மணிலாவிலிருந்து வரும் தகாலோக் மொழிபெயர்ப்பாளரைவிட உள்ளூர்ச் செவிலியரே நன்றாகப் புரியவைப்பார். கூட வந்த அண்ணனையோ அக்காவையோ மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. இந்தக் குறை எதனால் வந்தது என்று தாய்மார் நினைக்கிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் உள்ளது போலவே மெக்சிகோவிலும் இருக்கிறது என்றால், தாயின் மீது பழி போடும் பழக்கம் எவ்வளவு தூரம் பரந்தது என்பது விளங்கும். “இது உன் தவறில்லை” என்று மருத்துவர் ஒருவர் குடும்பத்தார் முன்னிலையில் சொல்வது சிகிச்சையின் ஒரு பகுதியே. படம் எடுப்பதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். படம் எடுக்க மறுத்தால் அறுவை கிடைக்காதோ என்று அஞ்சும் தாயிடம் அறுவைக்கு முன் அதைக் கேட்பதே நியாயமில்லை. மருத்துவப் பதிவுக்கான படத்தைத் தவிர மற்றதை வீடு திரும்பும் நாளில் கேட்கலாம்.

அரங்கில்

அறுவைகளின் வரிசையில் இரண்டு விதிகள் போதும். ஒரு நாளுக்குள் சின்னக் குழந்தைகள் முதலில், ஏனென்றால் அவர்கள் பட்டினி கிடக்கும் நேரம் குறைய வேண்டும். திட உணவுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, தெளிந்த நீருக்கு இரண்டு என்ற இடைவெளி போதும், “நேற்றிரவு முதல் ஒன்றும் கொடுக்காதே” என்பது கொடுமை. ஒரு வாரத்துக்குள் அண்ண அறுவைகள் முதல் இரண்டு, மூன்று நாள்களில், உதட்டு அறுவைகள் பிற்பகுதியில். இரத்தக் கசிவும் மூச்சடைப்பும் வருவதானால் குழு ஊரில் இருக்கும்போதே வந்துவிட வேண்டும். கடைசி நாளில் புதிய அறுவை எதுவும் கூடாது. “இன்னும் ஒரே ஒரு குழந்தை” என்று கண்காணிப்பாளரே வந்து கேட்டாலும் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைச் சடங்காக அல்லாமல் உரக்கப் படிக்க வேண்டும். டெல்லி, மணிலா, தான்சானியாவின் இஃபகாரா உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தபோது, பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்தன. 2009இல் வெளியான முடிவு அது. ஒருவரையொருவர் முந்தின நாள்தான் சந்தித்த, இரண்டு மொழி பேசும் குழுவுக்கு, பெயர்களைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் அந்தப் பட்டியலின் ஒரு வரியே பெரிய காப்பு.

மேசையில் கத்தி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் முகாமின் தரம் தெரியும். முதல் ஓரிரு நாள்கள் நீங்கள் செய்ய, உள்ளூர் மருத்துவர் துணை நிற்கட்டும். பிறகு அவர் செய்ய, நீங்கள் துணை நில்லுங்கள். இதனால் ஒரு மேசையில் ஒரு நாளின் எண்ணிக்கை ஐந்திலிருந்து மூன்றாகக் குறையும். நன்கொடையாளருக்கு எழுதும் அறிக்கையில் அந்தக் குறைந்த எண்ணிக்கை எடுப்பாக இருக்காது என்பதால் குழுத் தலைவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள். அந்த அறிக்கையை வேறு விதமாக எழுதக் கற்றுக்கொள்வதுதான் வழி. உள்ளூர் மயக்க மருந்து மருத்துவருக்கும் அரங்கச் செவிலியருக்கும் தரும் பயிற்சி, அறுவை மருத்துவருக்குத் தரும் பயிற்சி அளவுக்கே முக்கியம். இவர்கள் இல்லாமல் தனியே பயின்ற அறுவை மருத்துவர் அடுத்த மாதம் எதையும் செய்ய முடியாது.

உதட்டுப் பிளவுக்கு இன்று பரவலாகச் செய்யப்படும் சுழற்றி நகர்த்தும் முறையை ரால்ஃப் மில்லார்ட் 1950களில் கொரியாவில் படைமருத்துவராக இருந்தபோது உருவாக்கினார். இதை முன்னுதாரணமாகக் காட்டி, புதிய முறைகளைப் பழகிப் பார்க்கும் இடமாக முகாமை நினைப்போர் உண்டு. உங்கள் ஊரில் தனித்துச் செய்யாத எந்த அறுவையையும் அங்கே செய்யக் கூடாது. வலிக்கு எடை பார்த்துக் கொடுக்கும் பாராசிட்டமாலும், உதட்டு அறுவையில் கண்ணுக்குக் கீழுள்ள நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். கோடீன் வேண்டாம்; மூச்சைத் தடுக்கக் கூடியது என்பதால் 12 வயதுக்குட்பட்டோருக்கு அதைக் கொடுக்கக் கூடாதென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் அறிவித்தது.

இரவும், அதற்குப் பிறகும்

ஆப்பிரிக்காவின் 25 நாடுகளில் 247 மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட 11,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், இறந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அறுவை நாள் கழிந்த பிறகே இறந்தனர். அரங்கில் நிறையும் நிபுணர்களைவிட, இரவு இரண்டு மணிக்கு வார்டில் விழித்திருக்கும் ஆள்தான் உயிரைக் காக்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆகவே குழுவின் நல்ல செவிலியர்களை அரங்கில் நிறுத்திவிட்டு மிச்சத்தை வார்டுக்கு அனுப்பும் வழக்கத்தை மாற்ற வேண்டும். ஒவ்வோர் இரவும் உங்கள் செவிலியர் இருவரும் உள்ளூர்ச் செவிலியர் இருவரும் இணையாக இருக்கட்டும். மருத்துவர் ஒருவர் கட்டடத்துக்குள்ளேயே தூங்கட்டும். அண்ணம் தைத்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதல் இரவு முழுதும் ஆக்சிமீட்டர் போட்டிருக்க வேண்டும். அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருக்கும் குழந்தை இரத்தத்தை விழுங்குகிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் உடனே மூக்கு வழிக் குழாய் போட ஆள் வேண்டும்.

குழு கிளம்பினாலும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் குறைந்தது ஒரு வாரம் தங்க வேண்டும். தாமதமான இரத்தக் கசிவு அந்த வாரத்தில்தான் வரும். வீட்டுக்குப் போகும் தாயின் கையில் அவளுடைய மொழியில், படங்களோடு, ஒரு தாள் இருக்க வேண்டும்: முழங்கை மடங்காமல் கட்டும் பட்டை எத்தனை நாள், கஞ்சி எப்படி ஊட்டுவது, எதைக் கண்டால் எந்த எண்ணை அழைப்பது. படிக்கத் தெரியாதவருக்கு ஊர்ச் சுகாதாரப் பணியாளரே படித்துச் சொல்வார் என்பதால், பிலிப்பைன்ஸில் அந்தந்த பாரங்காயின் (ஊர் அளவிலான நிர்வாகப் பிரிவின்) சுகாதாரப் பணியாளரின் எண்ணையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தாயின் கைபேசி எண் மாறினாலும் அவர் இருப்பார். கேஸ் ஷீட்டின் அசல் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும், உங்கள் ஊருக்குப் பயணம் செய்யக் கூடாது.

அண்ணம் மூடியதோடு பேச்சு வந்துவிடுவதில்லை. மூக்கால் பேசிப் பழகிய பிள்ளைக்கு மாதக் கணக்கில் பயிற்சி தேவை. காது கேட்பதையும் சோதிக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் இல்லாத நாட்டில் என்ன செய்வது என்பவர்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டம் ஒரு விடை தருகிறது. அங்கே கிராமப் பணியாளர்களுக்கே அடிப்படைப் பேச்சுப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, வீடு தேடிப் போகச் செய்தார்கள். முகாமில் இதற்கென்று இரண்டு நாள் வகுப்பு வைக்க ஒரு பேச்சு நிபுணரைக் கூட்டிச் செல்வது, மூன்றாவது அறுவை மருத்துவரைக் கூட்டிச் செல்வதைவிடப் பயன் தரும்.

ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு குடும்பத்தையும் தொலைபேசியில் அழைத்து, அண்ணத்தில் ஓட்டை விழுந்ததா, தையல் பிரிந்ததா, குழந்தை எடை கூடியதா என்று கேட்டு எழுதுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் எண்ணிக்கை மனத்துக்கு உவப்பாக இல்லாவிட்டாலும் அதை விருந்தோம்பிய மருத்துவமனைக்கு அப்படியே அனுப்ப வேண்டும். அதோடு, தேர்வு நாளில் திருப்பி அனுப்பிய குழந்தைகளின் தனிப் பதிவேடு ஒன்று வேண்டும்: பெயர், ஊர், எடை, திருப்பி அனுப்பிய காரணம், அழைக்க வேண்டிய எண். அதன் ஒரு பிரதி அங்குள்ள அறுவை மருத்துவரிடம் இருக்கட்டும். அடுத்த ஆண்டு அழைப்பு வரும்போது, அந்தப் பதிவேட்டில் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அவரே செய்து முடித்தார் என்று முதலில் கேளுங்கள். பாதிக்கு மேல் முடித்துவிட்டார் என்றால், குழுவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அவர் தனியே செய்யத் தயங்கும் அறுவைகள் எவை என்று எழுதிக் கேட்டு, அவற்றுக்கு மட்டும் ஆள் சேர்க்கலாம்.